ஒன்றாம் எண் யாருக்கு?

தடித்த பன்மொழி அகராதி ஒன்றின் ஒரே பக்கத்தில் ‘அன்’ என்று இரண்டு சொற்கள் குடியிருந்தன. எழுத்துக்கூட்டல் ஒன்றுதான், உறவு கிடையாது. ஒருவர் துருக்கியர். ‘கணம்’ என்று பொருள். இன்னொருவன் வடகடல் கரையிலிருந்து வந்த வட ஃபிரீசிய மொழிக்காரன். ‘மற்றும்’ என்று பொருள். ‘இதுவும் அதுவும்’ என்று எதையும் சேர்த்துவைப்பதுதான் அவன் பிழைப்பு.

ஒரே எழுத்துக்கூட்டல் உள்ள சொற்களுக்குத் தலைமாட்டில் எண் போடுவது அகராதி வழக்கம். துருக்கியருக்கு ஒன்று, ஃபிரீசியனுக்கு இரண்டு. அது அவனுக்குத் தீராத எரிச்சல்.

“நான் இல்லாம எங்க ஊர்ல ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது. ஒன்று எனக்குத்தான் வரணும்!”

“தம்பி, என் பூர்வீகம் அரபு. உன் பாட்டன் யாரு?”

“ஜெர்மானிய வம்சம்! என் பங்காளி ‘அண்ட்’ இங்கிலீஷ்ல கொடிகட்டிப் பறக்கிறான், தெரியுமா?”

இப்படி இருவரும் கத்திக்கொண்டிருக்கையில், காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சி ஒன்று மடிப்பிலிருந்து ஏறி வந்தது.

“நான் வரிசை தப்பிச் சாப்பிடமாட்டேன். இங்கே ஒன்றாம் எண் யாரு?”

“இதோ, இவர்தான்! இவ்வளவு நேரமா அதைத்தானே சொல்லிட்டிருந்தார்” என்றார் துருக்கியர்.

ஃபிரீசியன் சட்டென்று பின்வாங்கினான். “சேச்சே! வயசுக்கு மரியாதை வேண்டாமா? அவர்தான் ஒன்று.”

பூச்சி விழித்தது. அதற்குள் யாரோ அகராதியைத் திறக்க, வெளிச்சம் பட்டு ஓடிவிட்டது.

ஃபிரீசியன் மூச்சு வாங்கினான். “ஐயா, நீங்களும் நானும் ரெண்டாம் எண்ணாவே இருந்துடுவோமே?”

துருக்கியர் ஒரு கணம் யோசித்தார்.

“இருக்கலாம். அந்த ரெண்டுல யாரு முதல்?”