நாங்கள் வைக்காத சிக்னல்

நான் மைக்கைப் பிடித்ததும் அரங்கத்தில் பேச்சு நின்றது.

மூன்றாவது வரிசையில் என் மனைவி சாவகாசமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகும்போது எழும் அதிர்வு, எங்கள் கருவிக்கு வந்து சேர்வதற்குள் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தேய்ந்துவிடும். தெருவில் லாரி போனால் வரும் அதிர்வே அதைவிடப் பெரியது. அத்தனை குப்பைக்குள்ளும் அதைத் தேடி எடுப்பது அவள் வேலை.

தேடுகிறவர்கள் அசந்துவிடக் கூடாதே என்று, அவ்வப்போது நாங்களே அந்த அதிர்வு மாதிரியே பொய்யாக ஒரு சிக்னலைக் கருவிக்குள் நுழைத்துவிடுவோம். கடைசிக் கூட்டம் வரை அது என்னையும் இன்னொருவரையும் தவிர யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

போன வருடம் அவள் கண்டுபிடித்தது பொய். மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாள். இதே மேடையில் நான் உண்மையைச் சொன்னபோது அவளுடைய குழுவே அழுதது. அவள் மட்டும் போனால் போகிறது என்று தலையசைத்தாள். என்ன மனசு இவளுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது இன்னொன்று. மற்ற சோதனைகள் எல்லாம் முடிந்தாயிற்று, நான் சொல்வது ஒன்றுதான் பாக்கி. வீட்டில் நான் மூச்சு விடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

"இந்தத் தடவை நாங்க எதையும் வைக்கல."

அரங்கமே எழுந்து கைதட்டியது. யார் யாரோ அவளைக் கட்டிக்கொண்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகம் தெரியாத அந்த இரண்டு கருந்துளைகளையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அவளுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. காரில் ஏறியதும் ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும். போன தடவை கேக்காமலே தினமும் காபி போட்டு நீட்டினீங்க, பாவம், மனசு உறுத்திச்சு போல. இந்தத் தடவை ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்கலையே."

வண்டியைக் கிளப்பினேன்.

அப்படியென்றால் போன வருடமும் அவளுக்குத் தெரியும். பொய் என்று தெரிந்தே, என் வேலைக்கு உலை வைக்கக் கூடாது என்று அத்தனை மாதமும் வாயை மூடிக்கொண்டு உழைத்திருக்கிறாள். இவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து நீட்டினேன்.

வாங்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப எதை ஒளிச்சு வச்சிருக்கீங்க?"