ஜார்ஜியா எப்படிப்பட்ட நாடு?

"ஜார்ஜியாவா? அது அமெரிக்காவுலதானே இருக்கு?"

தோசைக் கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் சந்திரமதி.

"அது வேறம்மா. இது தனி நாடு. துருக்கிக்குப் பக்கத்துல." பிரவீனா கைப்பேசியை அப்பாவின் பக்கம் திருப்பினாள். திரையில் பனி மூடிய மலை. அதன் அடிவாரத்தில் ஒரு சின்னத் தேவாலயம்.

பிரவீனாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. மலேசியாவின் ஸ்கூடாயிலிருந்து தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய் வருகிறவள். சனிக்கிழமைதான் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பசியாறும் நாள். வருடக் கடைசி விடுமுறைக்கு எங்கே போகலாம் என்பதுதான் அன்றைய பேச்சு.

"இந்தோனேசியாவுல மேடான் போலாம்லா. பிளேன் ஏறினா இறங்கிடலாம். இல்லன்னா பழனி. பேர் தெரியாத நாட்டுல போய் என்னத்தப் பாக்கறது?" என்றாள் சந்திரமதி.

"பேர் தெரியாததாலதாம்மா போகணும். பாலிக்குப் போனா பக்கத்து வீட்டு ராசம்மா ஆன்ட்டியைத்தான் பாப்போம்."

அப்பா அர்ச்சுனன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பாசிர் கூடாங் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் மேற்பார்வையாளர். ஒரு மின்விசிறி வாங்கப் போனாலே கடைக்காரரை அரை நாள் கேள்வி கேட்கிற மனிதர்.

"ஆளுங்க எப்படி?" என்று தொடங்கினார்.

"தங்கமானவங்கப்பா! விருந்தாளிய கடவுள் அனுப்பினாருன்னு சொல்லுவாங்க. தட்டு காலியாகவே விட மாட்டாங்க."

"என்னா சாப்பாடு?"

"ரொட்டிதான் அதிகம். படகு மாதிரி செஞ்சு, நடுவுல சீஸும் முட்டையும் போட்டுத் தருவாங்க. அவரைக்கொட்டைல குழம்பு மாதிரி ஒண்ணு இருக்கு, ரசிச்சுச் சாப்பிடலாம்."

"சோறு?"

"கிடைக்கும்ப்பா… தேடணும்."

"அலமாக்! சோத்தையும் தேடணுமா?" என்றாள் சந்திரமதி. "நான் ஒரு ரைஸ் குக்கர் தூக்கிட்டு வந்துடறேன்."

அர்ச்சுனன் சிரிக்கவில்லை. "ஒரு பொம்பளப் புள்ள தனியா ரோட்டுல நடந்து போலாமா?"

"தாராளமா. ராத்திரிகூடப் பயமில்லப்பா."

"பாஷை?"

"எழுத்தெல்லாம் ஜிலேபி மாதிரி இருக்கும். ஆனா நம்மளது தமிழ் எழுதின கைதானே, சீக்கிரம் வந்துடும்."

"ஒரு அவசரம்னா இங்கேர்ந்து அங்க போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஏங்க, நாமதான் அங்க இருப்போமே! இங்கேர்ந்து யாரு வரப்போறா?" சந்திரமதி கணவரை முறைத்தாள்.

"சும்மா ஒரு கணக்குக்குக் கேட்டேன்." அவர் தோசையைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தார். "அங்க சம்பளம் எல்லாம் எப்படி?"

"சுத்திப் பாக்கப் போற ஊர்ல சம்பளம் உங்களுக்கு எதுக்கு? பேசாமச் சாப்பிடுங்க!"

பிரவீனா சிரித்துவிட்டாள். அம்மா தன் பக்கம் சாய்கிறாள் என்று தோன்றியது. "மலையில ஆட்டு மந்தை, பழைய கோட்டை, வீட்டுக்கு வீடு திராட்சைப் பந்தல். அதிகாலையில மூடுபனி விலகறப்ப பாக்கணும்ப்பா…"

"போனதே இல்ல. போய்ட்டு வந்தவ மாதிரி பேசுற?"

"யூடியூப்ல பார்த்தேம்ப்பா." அவள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"குறையே இல்லாத நாடு ஒண்ணு இருக்கா பிரவீ? ஒரு குறையாவது சொல்லு. சொன்னாதான் நான் முடிவு பண்ணுவேன்."

பிரவீனா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, படங்களைக் காட்டியபோது இருந்த வேகம் இல்லாமல் மெதுவாகச் சொன்னாள்.

"குளிர்காலம் கஷ்டம்ப்பா. சீக்கிரமே இருட்டிடும். நம்ம வெயிலுக்கு ஏங்கிப் போயிடுவோம். முன்னப்பின்ன தெரியாதவங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்க. பழகற வரைக்கும் கோவக்காரங்க மாதிரிதான் தெரியும். சம்பளம் கம்மி, அதனால அங்கத்துப் பிள்ளைங்க நிறைய பேரு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிடுறாங்க. நம்ம கோயில், தைப்பூசம், உறுமி மேளச் சத்தம் எதுவும் இருக்காது. அங்க போனா நான்… நாம, அதையெல்லாம் நினைச்சு ஒரு நாளாவது அழுவோம்."

"இவ்ளோ தெரிஞ்சும் போகணுங்கிற?"

"ஆமாப்பா. இவ்ளோ தெரிஞ்சும்தான்."

அர்ச்சுனன் எழுந்து போய்க் கை கழுவினார். துண்டில் நிதானமாகத் துடைத்தார். திரும்பி வந்து மகளின் தலையில் கை வைத்தார்.

"சரி. டிக்கெட் போடு."

"அப்பா!" பிரவீனா துள்ளி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டாள். "நிஜமாவா? மூணு பேருக்கும்?"

"மூணு பேருக்கும். ஆனா சுத்திப் பாக்கக் கூட்டிட்டுப் போய், அங்க வச்சு மெதுவா விஷயத்தைச் சொல்லலாம்னு நெனச்ச பாரு, அது மட்டும் வேணாம்."

பிரவீனாவின் கைகள் தளர்ந்தன. "எந்த… எந்த விஷயம்?"

"நீ உன் கூட்டாளி கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் போயிருந்தப்ப, உங்க ஆபீஸ் ஜார்ஜியாக்காரப் பையன் லெவான் இங்க வந்து எங்கிட்டப் பொண்ணு கேட்டுட்டுப் போனான். அவன் ஊரைப் பத்தி அவன் நல்லதாத்தான் சொல்லுவான். வாழப் போற நீ அதோட குறையும் தெரிஞ்சுதான் போறியான்னு எனக்குத் தெரியணும்லா? மாப்பிள்ளை வீடு பாக்க நாங்க வர்றோம்னு அவங்க அம்மாகிட்டச் சொல்லச் சொல்லு."

சமையலறையிலிருந்து சந்திரமதியின் குரல் வந்தது. "அப்படியே, அன்னைக்கு நான் வச்ச மீன் கறி அந்தப் பையனுக்கு ரொம்ப உறைப்பா இருந்துச்சான்னும் கேளு, பாவம், மூக்கு சிவக்கச் சிவக்க ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டான்!"