வம்சத்தில் இல்லாத இழுப்பு

ஆட்டுப்பட்டிக்குள், புழுக்கைமேல், குட்டியைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான் அண்ணன் மகன். பெயரே சின்னக்குழந்தை. மூக்கில் ஒரு சொட்டுச் சளி இல்லை.

லட்சுமணனுக்கு வயிறு எரிந்தது.

இரண்டு வீட்டிலும் ஓடுவது ஒரே ரத்தம். அண்ணன் கருப்பன் மலையிலேயே சாமை விதைத்துக்கொண்டு நின்றுவிட்டான். இவன் சின்ன வயசிலேயே கீழே இறங்கி, மண்டியில் மூட்டை தூக்கி, திருப்பத்தூரில் சொந்தமாகப் புளிக்கடை வைத்தான்.

இவன் மகனுக்கு சிமெண்ட் தரை, டப்பா பால், டெரிலின் சட்டை. பெயர் சக்கரவர்த்தி. யாராவது துடைப்பத்தைக் கையில் எடுத்தால் போதும், சக்கரவர்த்திக்கு இழுப்பு.

"அலர்ஜி. உங்க குடும்பத்துல யாருக்காச்சும் உண்டா?" என்று கேட்டிருந்தார் டவுன் டாக்டர்.

"எங்க வம்சத்துலயே கிடையாதுங்க" என்றான் லட்சுமணன், சொத்தைப் புளியை அடுத்த கடைச் சரக்கு என்று தள்ளுகிறவன் மாதிரி. பழி மனைவி சம்பூர்ணத்தின் தாய்வீட்டுக்குப் போனது. அன்றிலிருந்து அவள் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

கடை திறப்புக்கு ஆள் விட்டுச் சொல்லியும் அண்ணன் வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. பொறாமை, வேறென்ன. அதனால் இவனும் மலையேறவில்லை. இப்போது பையனோடு வந்ததுகூடப் புளியமரக் குத்தகை பேசத்தான்.

வந்த இடத்தில் இந்தக் காட்சி.

யோசித்தான். வியாபார மூளை. ரகசியம் அந்த ஆட்டில்தான் இருக்கிறது.

"அண்ணி, அந்தக் குட்டி இன்னா வெல?"

அண்ணி செல்லி சிரித்தாள். "பல்லக்குல வெச்சித் தூக்கினு போவப்போறியா தம்பி?"

"எம்புள்ள பக்கத்துல படுக்க வெக்க."

வாங்கும் முன் சரக்கைச் சோதித்துவிடுவது அவன் பழக்கம். சக்கரவர்த்தியைத் தூக்கிப் பட்டிக்குள் இறக்கினான்.

தூசி எழுந்தது. பையன் ஒரு மூச்சு இழுத்தான். அடுத்தது உள்ளே போகவில்லை. நெஞ்சில் விசில். உதடு நாவல்பழ நிறம்.

லட்சுமணன் பதறிப்போய் அவனை வெளியே தூக்கி, தரையில் மல்லாத்தி, துண்டால் விசிறினான்.

"படுக்க வெக்காத!"

செல்லி அவனைப் பறித்துக்கொண்டாள். தள்ளிப் போய்க் காற்றோட்டத்தில் உட்கார்ந்தாள். பையனை நிமிர்த்தி, முன்னால் சாய்த்து, அவன் நெற்றிக்குத் தன் தோளை முட்டுக் கொடுத்தாள்.

"கூழு சுட்டா ஊதுவியே, அப்பிடி ஊது கண்ணு. மெதுவா."

ஊதினான். ஊத ஊத விசில் அடங்கியது. உதடு மறுபடி சிவந்தது.

பையனுக்கு உயிர் திரும்பியதும் லட்சுமணனுக்கு வயிற்றெரிச்சலும் திரும்பிவிட்டது.

"ஒங்களுக்கெப்படி அண்ணி இதெல்லாம்? இந்த வூட்லதான் யாருக்கும் ஒண்ணும் வர்லயே."

செல்லி பையனின் முதுகைத் தடவுவதை நிறுத்தவில்லை.

"சின்னக்குழந்தைக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், நீ பாத்ததில்ல. அப்போ எனக்குந் தெரியாது, படுக்க வெக்கக் கூடாதுன்னு."

லட்சுமணன் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

"எப்போ?"

"நீ கடை தொறந்த அன்னிக்கு. நல்ல நாளும் அதுவுமா தம்பிக்குச் சாவு சேதி போவ வேணான்னுட்டாரு உங்கண்ணன்."