ஓசிக்கு எதுக்கு லைசென்ஸ்?

"ஓசியில கெடைக்கிறதுக்கு இன்னாம்மா லைசென்ஸு?"

ஐந்து ஊர் மீனவர் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி கேட்டதும் கூட்டம் சிரித்தது. அவர் எது கேட்டாலும் சிரித்துவைப்பது சங்கத்து வழக்கம்.

எப்சிபா சிரிக்கவில்லை. ஐந்து ஊர்ச் சங்கக் கம்ப்யூட்டர்களுக்கும் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் போட்டு, காற்று எச்சரிக்கை சொல்லும் மென்பொருளை அதில் சேர்த்துக் கட்டித் தருவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. பேனர்கூட வந்தாயிற்று. அதில் படகைவிடத் தலைவர் பெரியதாக இருந்தார்.

"முப்பத்தோரு லைப்ரரி, அதான் ரெடிமேட் புரோகிராம் துண்டுங்க, சேத்திருக்கேண்ணா. எல்லாம் யாரோ எழுதி சும்மா குடுத்தது. ஆனா ஒண்ணொண்ணுக்கும் ஒரு நிபந்தனை. ஒண்ணு, எம் பேரைப் போட்டா போதும்னுது. இன்னொண்ணு, என்னோட எதைச் சேத்துக் கட்டுனாலும், வாங்குறவங்களுக்கு மொத்தத்தையும் தொறந்து குடுன்னுது. சிலதைப் பிரிச்சுக் கட்டணும். பத்து நாள் ஆவும்."

"தொறந்து குடேன். நம்மகிட்ட ஒளிக்க இன்னா கீது?"

எப்சிபா அவரையே பார்த்தாள். "பத்து நாள் குடுங்கண்ணா."

"பாத்தீங்களா, கேட்டா பதில் இல்ல. காத்து லைசென்ஸ் வாங்கிக்கினா அடிக்குது?"

கூட்டம் முறைப்படி சிரித்தது.

பக்கத்து ஊர் இந்திராணி மட்டும், "அந்தப் பொண்ணு இன்னா சொல்ல வருதுன்னு கேப்போமே" என்றாள். எப்சிபா வேண்டாமென்று தலையாட்டினாள்.

வேலையைச் சென்னை ஆள் ஒருவருக்கு மாற்றுவதாகத் தீர்மானம் எழுதச் சொல்லிவிட்டு, தலைவர் தமக்குப் பிடித்த விஷயத்துக்கு வந்தார். எந்த ஊர் என்றைக்கு ஏரியில் எங்கே வலை போடலாம் என்கிற பாடு முறை. தன் ஊரின் பாடு எல்லைக்குள் இறால் அடையும் இடத்தை வெளியூருக்குக் காட்டிக்கொடுப்பவன் ஒரு வருஷம் ஏரியில் இறங்கக் கூடாது. போன மாதம்தான் ஒருவரைத் தள்ளிவைத்திருந்தார். அதை இன்னொரு தரம் விளக்கமாகச் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் படகுத்துறையில் எப்சிபாவை மறித்தார்.

"வேலை போனாலும் வாயத் தொறக்க மாட்டியா? அப்படி இன்னாத்தக் காப்பாத்துற?"

அவள் செல்போனை நீட்டினாள். தலைவர் கைப்பட வரைந்த ஏரிப் படம். அவர் ஊரின் பாடு எல்லைக்குள் பதினான்கு இடம், ஆழம், இறால் அடையும் மாதம்.

"நம்மூரு ஸ்கிரீன்ல மட்டும் தெரியிற மாதிரி உள்ள போடுன்னு நீங்க குடுத்ததுண்ணா. ஆனா அஞ்சு ஊருக்கும் போறது ஒரே மூட்டை. அந்த லைசென்ஸ்படி, வாங்குனவங்க கேட்டா பிரிச்சுக் காட்டியே ஆவணும். இதத் தனியா எடுக்கத்தான் பத்து நாள். அந்த நிபந்தனை நேத்துதான் கண்ணுல பட்டுச்சு. மூணு தரம் போன் பண்ணேன், நீங்க எடுக்கல."

தெய்வசிகாமணி சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"இத அங்கியே சொல்லியிருக்கலாமேம்மா."

"அஞ்சு ஊரும் உக்காந்திருந்துச்சேண்ணா."