ஒத்த உசுரு பாக்கி

தீபாவளிக்கு இருபது நாள்தான் இருந்தது. வெடிக்குழாய் சுருட்டும் பெண்கள் காலையிலிருந்து வேலையில் கைவைக்கவில்லை என்று போர்மேன் சோணைமுத்து ஓடிவந்தார். முதலாளி அய்யாதுரைக்கு வியர்த்துவிட்டது.

“கூலி கூட்டிக் கேக்காகளா?”

“இல்ல மொதலாளி.”

“போனஸா?”

“அதுவும் இல்ல.”

“பின்ன, காகிதம் தீந்துபோச்சா? நேத்துதான வீட்ல கெடந்த கட்டு அம்புட்டையும் அனுப்பினேன்?”

“வம்பே அந்தக் கட்டுதான் மொதலாளி.”

அய்யாதுரை மகன் மணிகண்டராஜையும் இழுத்துக்கொண்டு பட்டாசு செட்டுக்கு விரைந்தார். ப்ரௌசிங் சென்டரில் வீடியோ கேமே கதி என்று கிடக்கிறவன், தொழிலில் உள்ள தலைவலியையும் பார்க்கட்டும்.

உள்ளே சுருட்டுகிறவர்களில் ஒருத்தியான இசைவாணி ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடியும் சத்தமாக வாசிக்க, முப்பது பெண்கள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சண்முகத்தாய் எழுந்தாள்.

“மொதலாளி, ரெண்டாயிரத்துத் தொண்ணூறுல ஒரு பய, நூறு வருசப் பழைய டி.வி. கேமுக்குள்ள மாட்டிக்கிட்டான். கடைசி லெவல். ஒத்த உசுருதான் பாக்கி. அத்தோட புத்தகம் முடிஞ்சுபோச்சு. பொழைச்சானா இல்லையா? சொல்லுங்க, சுருட்டுதோம்.”

புத்தக அட்டையில், எழுதியவனாக மகனின் பெயர் இருந்தது. ‘இதை எவம்லே படிப்பான்?’ என்று அய்யாதுரையே பழைய காகிதத்தோடு தள்ளிவிட்ட நாவல்.

அவர் மகனிடம் திரும்பினார். “ஏலே, பொழைச்சானா?”

“அது ரெண்டாம் பாகத்துலப்பா. இனி பேனாவத் தொடக் கூடாதுன்னு நீங்கதான சத்தியம் வாங்கினீக?”

அய்யாதுரை சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி நீட்டினார்.

“உக்காந்து எழுதுலே! அவன் செத்துகித்துத் தொலைச்சான்னா நாளைக்கும் வேலை ஓடாது.”