ஒரு செகண்டுதானே

ஆஸ்பத்திரிகள் எக்ஸ்ரே எடுப்பதை விட்டுவிட்டன. தெருவுக்கு ஒருத்தர் வீட்டிலேயே மெஷின் கட்டி வைத்திருந்தார்கள். இந்தத் தெருவுக்குக் கொம்பையா. கதிர் வெளியே கசியாதபடி சுவரெல்லாம் ஈயத்தகடு அடித்திருந்தார்; அதில் மட்டும் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை. காரணம் அவர் பெண்டாட்டி பேச்சி. ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளிகளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. பதினோரு வருஷம் ஈய அங்கி இல்லாமல் நின்று, ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது மூடிக் கிடக்கும் அந்த சென்டரின் முதலாளி தில்லைநாயகம்தான் இன்று இடுப்பொடிந்த தாயோடு வந்து நின்றார். கிழவிக்கு உடம்பெல்லாம் நடுக்கம். யாராவது பிடித்தால்தான் படம் தெளிவாக விழும்.

"நீரே பிடியும்" என்றார் கொம்பையா.

"அங்கி குடுங்க அண்ணாச்சி."

"எதுக்குவே? ஒரு செகண்டுதானே! பேச்சிகிட்ட தினமும் நீர் சொன்னதுதானே?"

தில்லைநாயகம் வாசலைப் பார்த்தார். தாய் முனகினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அவளைப் பிடித்தார். மெஷின் 'கீங்' என்றது. அவர் வேட்டி நனைந்துவிட்டது.

கொம்பையா தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்து அங்கியை அவர்மேல் வீசினார்.

"மாட்டும். இன்னும் எடுக்கவே இல்ல, அது வெறும் மணி. பேச்சிக்கு மட்டும் ஒருநாளும் அது வெறும் மணியா அடிக்கலவே."