செம்புள்ளி நேரம்

பல் துலக்கினான். பால் பாக்கெட்டின் முனையை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினான். அடுப்பைப் பற்ற வைத்தான்.

உள்ளே அவளுடைய செல்போன் அடித்தது.

அடுப்பை அணைத்தான்.

வியாழன் கோளின் மேல் ஒரு புயல் சுழன்றுகொண்டிருக்கிறது. பூமியை அப்படியே விழுங்கிவிடும் அளவு. தூரத்திலிருந்து பார்த்தால் சிவப்பாய் ஒரு புள்ளி. அது நம் பக்கம் திரும்பும் நேரத்துக்கெல்லாம் அவள் வைத்துவிட்டுப் போன அலாரம்.

அவள் தாத்தா பிறப்பதற்கு முன்பே அடிக்கத் தொடங்கிய புயல். இன்னும் ஓயவில்லை.

அவளுக்கு இருபத்தொன்பது வயது.

போனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறான். இடையில் கொஞ்ச காலம் வியாழன் சூரிய வெளிச்சத்தில் மறைந்து கிடந்தது. நேற்று விடியலில், கொடியில் மறந்த துணியை எடுக்கப் போனபோது பார்த்தான். கிழக்கே, பளிச்சென்று.

போனது திரும்பி வந்துவிட்டது.

துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவாள், அதற்காக. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அவனும் மாடியேறி அவள் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். நனைந்த தாளில் பரவிய மஞ்சள் கறை போல ஏதோ தெரிந்தது. அவனுக்குக் கண்ணில் குறையில்லை; அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பார்ப்பாள். காட்சியைத் தெளிவாக்கும் திருகு அவள் கண்ணுக்கு ஏற்றபடி நின்றது.

"திருகைக் கொஞ்சம் திருப்புங்க. உங்க கண்ணுக்குச் சரியா வந்துடும்."

அவன் திருப்பவில்லை. இறங்கிவிட்டான்.

"ஐயாவுக்குச் சக்களத்தன் மேல கோபம்!" மாடிப்படி முழுக்க அவள் சிரிப்பு.

அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் போனதில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாள் சாயங்காலமும் மாடி ஏறினாள். நிற்கவே தெம்பில்லை. இன்றைக்குமா என்று அவன் கீழேயே இருந்துவிட்டான். வெகுநேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

அன்றைக்கு மட்டும் கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அவள் அம்மா போன் செய்யும்போதெல்லாம் கேட்பார். "உங்களைத்தான் கேட்டா, அத்தை" என்பான். உண்மையைச் சொல்ல நா கூசியது. அவள் அம்மாவையும் கேட்கவில்லை. அவனையும் கேட்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன தொலைநோக்கியைப் பற்றித்தான் பேசினாள்.

அலாரம் மறுபடி அடித்தது.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

மாடி ஏறினான். வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. உறையை உருவினான். குழாயைத் தள்ளித் தள்ளி, அந்த ஒளிப்புள்ளியைப் பிடித்தான். குனிந்தான்.

கலங்கலாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தான்.

கத்தியால் நறுக்கிய மாதிரி விளிம்பு. பழுப்புப் பட்டைகள். ஒரு பட்டையின் ஓரத்தில், வெளிறிய செங்கல் நிறத்தில், சின்ன முட்டை வடிவம்.

கண்ணை எடுத்தான்.

திருகை அவன் தொடவேயில்லை. கை இரண்டும் முழங்காலில்தான் இருந்தன.

மறுபடி குனிந்தான். இந்த முறை விளிம்பு கரைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, அவள் சொன்னது இவ்வளவுதான்.

"திருகை மட்டும் தொட்டுடாதீங்க."